பட்ஜி: பாலினம் அறிதல்

வளர்ப்புப் பட்ஜிகளை இணை சேர்க்குமுன், அலகுக்கு மேல் மூக்குத்துளைகளைச் சூழ்ந்துள்ள சவ்வின் நிறத்தைக் கொண்டு ஆண், பெண் பிரித்தறியும் முறை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வளர்க்கப்படுவது பெரும்பாலும் இந்த ஆஸ்திரேலியச் சிறுகிளியே. ஆப்பிரிக்க லவ் பேர்ட் வேறு பேரினம்.

மெலோப்சிட்டாகஸ் பேரினத்தின் ஒரே சிற்றினமான இதை ஜார்ஜ் ஷா 1805இல் விவரித்தார். 1840இல் ஜான் கூல்ட் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார்.

வளர்ந்த ஆணின் சவ்வு நீலம். பெண்ணுக்கு வெளிர்நிறம், முட்டையிடும் பருவத்தில் அது பழுப்பாகித் தடித்துச் சொரசொரக்கும். குஞ்சுகளில் ஆணுக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா; பெண்ணுக்கு மூக்குத்துளையைச் சுற்றி வெண்வளையம். அல்பினோ, லூட்டினோ ஆண்களுக்கு வளர்ந்த பின்னும் இளஞ்சிவப்பு மாறாததால் நிறம் ஏமாற்றும். நீலச் சவ்வுள்ள ஆணுக்கு அது பழுப்பானால் விரைக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்.

ஐயம் நீங்க, இறகு அல்லது இரத்தத்தில் டிஎன்ஏ சோதனை செய்யப்படுகிறது. ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ.

ஆண் இல்லாமலும் பெண் முட்டையிடும், அவை பொரியா. சரியான இணையின் கருவுற்ற முட்டைகள் சுமார் 18 நாள் அடைகாப்பில் பொரியும்.