குர்ஆன் வசனங்களும் இயற்கை அறிவியலும்: ஒரு விளக்க மரபின் வரலாறு

வானம், பூமி, மழை, மலை, கடல், சூரியன், சந்திரன், கருவின் வளர்ச்சி முதலியவற்றைப் பற்றிப் பேசும் வசனங்கள் குர்ஆனில் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவற்றை அந்தந்தக் காலத்து அறிவியலோடு பொருத்திப் பார்க்கும் முறைக்கு அரபியில் 'தஃப்ஸீர் இல்மீ' என்று பெயர். தமிழில் இதை 'அறிவியல் விரிவுரை' எனலாம். இன்று காணொளிகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இது பரவலாகக் காணப்படுவதால், அண்மையில் தோன்றிய ஒன்று என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இதன் வேர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு நெருங்கியவை. இதை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் முஸ்லிம் அறிஞர்களே என்பது மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

இடைக்காலத் தொடக்கம்

கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை பாக்தாதில் கிரேக்க நூல்கள் பெருமளவில் அரபிக்கு மொழிபெயர்க்கப்பட்டன. அரிஸ்டாட்டிலின் இயற்பியலும் தாலமியின் வானியலும் கலேனின் மருத்துவமும் அரபியில் கிடைத்தன. வேதம் சொல்வதும் இந்த அறிவு சொல்வதும் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

இமாம் கஸ்ஸாலி (1058-1111) இதற்கு இரண்டு முக்கியமான பதில்களைத் தந்தார். நோயும் குணமும் பற்றிய வசனத்தை மருத்துவம் அறிந்தவரே முழுமையாக உணர முடியும். சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குகின்றன என்ற வசனத்தை வானியல் கற்றவரே ஆழமாக உணர முடியும் என்றார். இது முதல் பதில். தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முன்னுரையில் இன்னொன்றைச் சொன்னார். கிரகணம் ஏன் நிகழ்கிறது என்பது கணிதத்தால் நிறுவப்பட்ட ஒன்று. அதை மதத்தின் பெயரால் மறுப்பவர் மதத்திற்கு உதவி செய்யவில்லை, தீங்கே செய்கிறார் என்பது அவர் கருத்து.

ஸ்பெயின் நாட்டு கொர்தோபாவைச் சேர்ந்த இப்னு ருஷ்து (1126-1198) இன்னும் ஒரு படி மேலே சென்றார். உண்மை உண்மைக்கு முரணாகாது. உறுதியாக நிறுவப்பட்ட ஒன்றுக்கு வசனத்தின் நேர்ப்பொருள் மாறுபட்டுத் தோன்றினால், வசனத்தை உருவகமாகக் கொள்ள வேண்டும் என்று வாதிட்டார்.

ராஸியின் விரிவுரை தரும் பாடம்

இந்த மரபின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருவரிடமே காண விரும்பினால் ஃபக்ருத்தீன் ராஸியைப் (இறப்பு 1210) படிக்கலாம். அவருடைய பெரிய விரிவுரை அக்கால இயற்கைத் தத்துவத்தை ஏராளமாக எடுத்தாள்கிறது. பூமி விரிக்கப்பட்டது என்று வசனம் சொல்வதால் அது தட்டையானது என்று பொருளாகாது என்றார் அவர். மிகப் பெரிய உருண்டையின் ஒவ்வொரு பகுதியும் அதன்மேல் நிற்பவருக்குச் சமதளமாகவே தெரியும் என்பது அவர் தந்த விளக்கம். இது இன்றும் பொருந்துகிறது.

அதே ராஸி, பூமி விரிப்பாக ஆக்கப்பட்டது என்ற வசனத்தை (2:22) விளக்கும்போது, பூமி அசையாமல் நிற்கிறது என்பதற்கு அதைச் சான்றாக்கினார். அன்றைய உயர்ந்த அறிவியல் அதைத்தான் சொன்னது. அவர் வசனத்தைத் தம் காலத்து அறிவியலோடு திறமையாகப் பொருத்தினார். பின்னர் அந்த அறிவியலே மாறிப்போனது.

கிரனாடாவின் ஷாத்திபி (இறப்பு 1388) இந்த முறையையே ஏற்கவில்லை. குர்ஆன் முதலில் அரபு மக்களை நோக்கிப் பேசியது. அவர்கள் புரிந்துகொண்ட பொருளை விட்டுவிட்டு, அவர்கள் அறியாத துறைகளை எல்லாம் அதற்குள் தேடுவது முறையல்ல என்பது அவர் வாதம். பிற்கால விமர்சகர்கள் பலர் இவரையே மேற்கோள் காட்டுகின்றனர்.

சர் சையது அகமது கானின் மனமாற்றம்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆட்சியோடு ஐரோப்பிய அறிவியலும் முஸ்லிம் நாடுகளுக்குள் நுழைந்தது. இந்தியாவில் இக்கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர் சர் சையது அகமது கான் (1817-1898). 1848இல் அவர் எழுதிய உருது நூல் ஒன்று, பூமி சுழல்கிறது என்ற கருத்தை மறுப்பதற்காகவே எழுதப்பட்டது. பின்னாளில் அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1864இல் காஜிபூரில் அறிவியல் கழகம் தொடங்கி, மேலைநாட்டு நூல்களை உருதுவில் வெளியிடச் செய்தார். 1875இல் அலிகரில் அவர் தொடங்கிய கல்வி நிலையமே 1920இல் பல்கலைக்கழகமாயிற்று.

இயற்கை இறைவனின் செயல், குர்ஆன் இறைவனின் சொல், இவ்விரண்டும் முரண்படவே முடியாது என்பது அவருடைய அடிப்படைக் கொள்கை. பழைய விரிவுரைகளில் காணப்படும் கெட்டியான வான அடுக்குகள் குர்ஆனில் இருந்து வந்தவை அல்ல, கிரேக்க வானியலில் இருந்து உள்ளே புகுந்தவை என்றும் அவர் சுட்டிக்காட்டினார்.

ஆனால் அற்புதங்களுக்கும் அவர் இயற்கை விளக்கம் தந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. 'நேச்சரி', அதாவது இயற்கைவாதி என்று ஏசினர். மதத்தை விட்டு வெளியேறியவர் என்று தீர்ப்புகள் எழுதப்பட்டன. ஜமாலுத்தீன் ஆப்கானி இயற்கைவாதிகளை மறுத்துத் தனி நூலே எழுதினார். கல்லூரிக்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காக, அங்கே தம்முடைய சமயக் கருத்துகளைப் பாடமாக வைக்காமல், மரபுவழி அறிஞர்களிடமே சமயக் கல்வியை விட்டுவிட்டார் சர் சையது.

எகிப்தில் ஒரு ஆசிரியர்

எகிப்தின் முகம்மது அப்துஹு (1849-1905), யானைப் படையை அழித்த பறவைகள் பற்றிய அத்தியாயத்துக்கு, அம்மை நோய்க் கிருமிகளைச் சுமந்துவந்த பூச்சிகளாக அவை இருந்திருக்கலாம் என்று விளக்கம் தந்தார். அவருக்குப் பின் வந்த தந்தாவி ஜவ்ஹரி (இறப்பு 1940) ஒரு பள்ளி ஆசிரியர். அவர் எழுதிய விரிவுரை 26 தொகுதிகள் கொண்டது. தாவரங்கள், விலங்குகளின் படங்களும் அறிவியல் அட்டவணைகளும் அதில் நிறைந்திருக்கும். சட்டம் பற்றிய வசனங்கள் ஏறத்தாழ 150 தான், இயற்கை பற்றியவையோ 750. பிறகு ஏன் அறிஞர்கள் சட்டத்தை மட்டும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். முஸ்லிம் இளைஞர்களை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதே அவர் நோக்கம்.

புக்காய்க்குப் பின்

1976இல் பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புக்காய், பைபிளையும் குர்ஆனையும் அறிவியலோடு ஒப்பிட்டு எழுதிய நூல் இந்த மரபின் திசையை மாற்றியது. அதுவரை 'முரண் இல்லை' என்று காட்டுவதே முதன்மை நோக்கமாக இருந்தது. இனி 'அறிவியல் கண்டுபிடிப்பதற்கு முன்பே வேதம் சொல்லிவிட்டது' என்று நிறுவுவது முதன்மை நோக்கமாயிற்று. 1980களில் கனடா நாட்டுக் கருவியல் பேராசிரியர் கீத் மூர், கருவின் நிலைகள் பற்றிய வசனங்கள் (23:12-14) தற்கால அறிவோடு ஒத்துள்ளன என்று சொன்னது உலகெங்கும் பரவியது. கருவைப் படிப்படியான நிலைகளாகப் பிரித்துக் காண்பது கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கலேனிடம் உள்ளது என்று விமர்சகர்கள் பதில் கூறினர். எழுத்தாளர் ஜியாவுத்தீன் சர்தார் இப்போக்குக்குப் 'புக்காயிசம்' என்றே பெயர் வைத்தார்.

ஒரு சொல், இரண்டு பொருள்

இதில் உள்ள சிக்கலை ஒரே வசனத்தால் விளக்கலாம். வானத்தைப் படைத்தது பற்றிய வசனத்தில் (51:47) 'மூஸிஊன்' என்ற சொல் வருகிறது. 'விரிவாக்குவோர்' என்றும் 'ஆற்றல் மிக்கோர்' என்றும் இதற்குப் பொருள் கொள்ள இலக்கணம் இடம் தருகிறது. பழைய விரிவுரைகளில் ஆற்றல், வசதி என்ற பொருள் பரவலாகக் காணப்படுகிறது. பேரண்டம் விரிகிறது என்பதற்கான சான்றை 1929இல் எட்வின் ஹப்பிள் வெளியிட்டார். அதன் பிறகே 'விரிவாக்குவோர்' என்ற பொருள் அண்டவியலோடு சேர்த்துப் பரவலாகப் பேசப்பட்டது.

இந்தப் பொருள் தவறு என்று சொல்ல முடியாது. மொழி அதற்கு இடம் தருகிறது. ஆனால் 1917இல் ஐன்ஸ்டைனே நிலையான பேரண்டத்தைத்தான் முன்வைத்தார். அன்று ஒருவர் வசனத்தை அந்தக் கொள்கையோடு பிணைத்திருந்தால், 12 ஆண்டுகளில் அவர் தம் விளக்கத்தைத் திரும்பப் பெற்றிருக்க வேண்டும். புதிய சான்று வந்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வது அறிவியலின் இயல்பு. வேதமோ, நம்புவோருக்கு மாறாதது. மாறுவதோடு மாறாததை இறுகக் கட்டினால், ஒன்று மாறும்போது மற்றதும் ஆட்டம் காணும்.

இன்னொரு வழி

பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1979இல் நோபல் பரிசு பெற்றபோது, விருந்து உரையில் 67ஆம் அத்தியாயத்தின் இரு வசனங்களை எடுத்துச் சொன்னார். படைப்பில் குறை இல்லை, மீண்டும் மீண்டும் பார், உன் பார்வைதான் களைத்துத் திரும்பும் என்பது அவற்றின் கருத்து. தம் சமன்பாடுகள் அவ்வசனங்களில் ஒளிந்திருந்ததாக அவர் சொல்லவில்லை. ஆராயத் தூண்டும் வியப்பையே அவற்றில் கண்டார். சமன்பாடுகளைச் சோதித்துச் சொல்லும் வேலையைத் துகள் முடுக்கிகளிடம் விட்டுவிட்டார்.

வகுப்பில் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்டதுண்டு: "வேதம் சரியா, பாடப்புத்தகம் சரியா சார்?" அந்தக் கேள்வியை அவசரமாக மூடிவிடாமல், கஸ்ஸாலியையும் ராஸியையும் அவர்களுக்கு அறிமுகப்படுத்துவது நல்லது. கணிதம் நிறுவியதை மறுத்து மதத்தைக் காக்க முயலாதே என்பது ஒருவர் தரும் பாடம். இன்றைய அறிவியலே இறுதி அறிவியல் என்று எண்ணாதே என்பது மற்றவரிடமிருந்து நாம் பெறும் பாடம். இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டவர் எந்த வேதத்தைப் படித்தாலும், எந்த ஆய்வுக்கூடத்தில் நின்றாலும் தடுமாற மாட்டார்.