வெளிநாட்டு அன்லாக் கைப்பேசி (புனே)

வெளிநாட்டில் விற்பனையாகி, எந்த நிறுவனத்தின் சிம்மையும் ஏற்கும் நிலையில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் கைப்பேசி வெளிநாட்டு அன்லாக் கைப்பேசி எனப்படும். புனேக்கு இது பல வேளைகளில் ஹிஞ்சவடி மென்பொருள் பூங்காவில் வேலை பார்த்து, அமெரிக்கா போய்த் திரும்புவோரின் பெட்டியில் வந்து சேர்கிறது. பூட்டு திறந்திருந்தால் எந்த ஊரிலும் பேசலாம் என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. பூட்டு என்பது வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காதபடி வைக்கும் மென்பொருள் தடை மட்டுமே. உள்ளூர்க் கோபுரம் எந்த அலைவரிசையில் இயங்குகிறதோ, அதற்கான வன்பொருள் கைப்பேசிக்குள் இருந்தாக வேண்டும். ஆகவே இதன் வரலாறு பெருமளவு அலைக்கற்றையின் வரலாறே.

900, 1800, 1900

தொலைத்தொடர்புக் கணக்கில் புனே மும்பையோடு சேராது. மும்பை நீங்கிய மகாராஷ்டிரமும் கோவாவும் சேர்ந்தது தனி வட்டம். 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு. அதையடுத்து மகாராஷ்டிர வட்டத்தில் பிர்லா ஏடி அண்ட் டி, பிபிஎல் ஆகிய இரண்டும் சேவை தொடங்கின. இரண்டும் ஜிஎஸ்எம் முறை; இரண்டும் 900 மெகாஹெர்ட்ஸ். அதே காலத்தில் அமெரிக்க ஜிஎஸ்எம் நிறுவனங்கள் 1900 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. அங்கே வாங்கிய ஒற்றை அலைவரிசைக் கைப்பேசிக்குப் புனேயில் ஒரு கோபுரமும் தென்படாது.

இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவற்றில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஒன்று, மோட்டோரோலா 1999இல் வெளியிட்ட டைம்போர்ட் எல்7089. 900, 1800, 1900 மூன்றிலும் இயங்கிய முதல் ஜிஎஸ்எம் கைப்பேசி அதுவே. மற்றது நோக்கியா 8890. அதில் 900, 1900 மட்டும் உண்டு, 1800 கிடையாது. தொடக்கத்தில் இந்தக் குறை புனேயில் வெளியே தெரியவில்லை. 2001இல் வழங்கப்பட்ட நான்காவது உரிமம் வழியே ஏர்டெல் இந்த வட்டத்துக்குள் வந்தது. அந்த உரிமம் 1800 மெகாஹெர்ட்ஸுக்கானது. அதன்பின் 8890 வைத்திருந்தவர் பழைய நிறுவனங்களின் சிம்மில் பேசலாம், ஏர்டெல் சிம்மில் பேச முடியாது என்ற நிலை வந்தது. ஒரே கைப்பேசி, ஒரே தெரு, சிம்மை மாற்றினால் மௌனம். கோளாறு கைப்பேசியில் என்று எண்ணி அதைப் பழுதுபார்க்கக் கொடுத்தாலும் பயன் இராது.

850, 900, 1800, 1900 நான்கையும் கொண்ட கைப்பேசிகள் பரவிய பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. ரிலையன்ஸ், டாட்டா இரண்டும் நடத்திய, ஜிஎஸ்எம் அல்லாத சிடிஎம்ஏ சேவை தனி உலகம். அமெரிக்காவின் வெரைசன், ஸ்பிரிண்ட் கைப்பேசிகளும் அதே முறையைச் சேர்ந்தவைதான். ஆனால் அக்காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவற்றில் சிம் செருகும் இடமே இல்லை. எண்ணை நிறுவனமே கைப்பேசிக்குள் பதிந்து தர வேண்டியிருந்தது. அதனால் பூட்டைத் திறந்து வேறு சிம் போடும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

3ஜி, 4ஜி

2010 ஏலத்தில் மகாராஷ்டிர வட்டத்தின் 3ஜி அலைக்கற்றையை வோடஃபோன், ஐடியா, டாட்டா ஆகியவை பெற்றன, 2100 மெகாஹெர்ட்ஸ். இந்த அலைவரிசை இல்லாத அமெரிக்கக் கைப்பேசிகளில் குரல் கேட்டது, இணையம் 2ஜி வேகத்தில் ஊர்ந்து போனது.

4ஜி வரலாற்றில் புனேக்குத் தனி இடம் உண்டு. 2012இல் கொல்கத்தா, பெங்களூருக்கு அடுத்து, அக்டோபரில், ஏர்டெல் 4ஜி பெற்ற மூன்றாவது நகரம் இது. அந்தச் சேவை 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40. முதலில் டாங்கிளுக்கும் வைஃபை பெட்டிக்கும் மட்டுமே கிடைத்தது. கைப்பேசிக்குப் பிறகுதான் வந்தது. அப்போதும் எல்லாக் கைப்பேசியும் பேண்ட் 40-ஐப் பிடிக்கவில்லை. ஐபோன் 5எஸ்-இன் முதுகில், அடிப்பகுதியில், பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். ஏ1530 என்றிருந்தால் பேண்ட் 40 உண்டு. அமெரிக்காவில் விற்ற ஏ1533 என்றால் இல்லை. அடுத்து வந்த ஐபோன் 6-லும் இதே கதை: ஏ1586 பிடிக்கும், ஏ1549 பிடிக்காது. பெட்டி, நிறம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். வாங்குமுன் பார்க்க வேண்டியது இந்த ஓர் எண்ணைத்தான்.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. பேண்ட் 3, 5, 40 ஆகிய மூன்றும் அதனிடம் இருந்தன; 2ஜியும் 3ஜியும் இல்லை. அழைப்பும் 4ஜி வழியேதான் போக வேண்டும். அதற்குப் பெயர் வோல்ட்இ. கைப்பேசியின் மென்பொருளில் இந்திய நிறுவனத்துக்கான வோல்ட்இ அமைப்பு இல்லையென்றால் இணையம் ஓடும், அழைப்பு போகாது. ஐபோன் 5எஸ்-இல் வோல்ட்இ அறவே இல்லை. அப்படிப்பட்ட கைப்பேசி வைத்திருந்தவர்கள் ஜியோ4ஜிவாய்ஸ் செயலியை நிறுவிக்கொண்டு பேசினார்கள். அலைவரிசை பொருந்தியும் அழைப்பு போகாத கைப்பேசிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த வோல்ட்இ அமைப்பையே.

பூட்டும் திறப்பும்

2007இல் வந்த முதல் ஐபோன் அமெரிக்காவில் ஏடி அண்ட் டிக்குப் பூட்டப்பட்டிருந்தது. இந்தியாவில் ஐபோன் 3ஜி முறையாக விற்பனைக்கு வந்தது 2008 ஆகஸ்ட் 22 அன்று. இடைப்பட்ட காலத்தில் இந்தியர் கையில் இருந்தவை பெரும்பாலும் பூட்டு உடைத்தவையே. முழு விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தன் விருப்பப்படி பயன்படுத்துவது வாங்கியவரின் உரிமை. அமெரிக்காவே 2014இல் சட்டம் இயற்றிப் பூட்டுத் திறப்பை ஏற்றது. சிம்முக்கு அடியில் மெல்லிய சில்லு வைத்துத் திறந்ததாகக் காட்டும் முறையை நம்பக் கூடாது; மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் அது நின்றுவிடக்கூடும். சாம்சங் 2013இல் வெளியிட்ட கேலக்ஸி நோட் 3 முதல், வாங்கிய நாடு சேர்ந்த வட்டாரத்தின் சிம்மில் முதலில் பேசிவிட்டே வெளியூர் சிம்மைப் போட வேண்டும் என்ற வட்டாரக் கட்டுப்பாட்டையும் வைத்தது. இதை விமானம் ஏறுமுன் முடித்துவிடுவது நல்லது.

அழைப்பு போய் இணையம் மட்டும் வராவிட்டால் குறை பெரும்பாலும் ஏபிஎன் (இணைய நுழைவுப் பெயர்) அமைப்பில் இருக்கும். ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, பிஎஸ்என்எல்லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’ என்று ஆங்கில எழுத்துகளில் கையால் எழுதினால் சரியாகும்.

ஐஎம்இஐ பதிவேடு

ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண் ஐஎம்இஐ. அந்த எண் இல்லாத கைப்பேசிகளின் சேவை 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு துண்டிக்கப்பட்டது. திருட்டுக் கைப்பேசிகளை நாடு முழுதும் முடக்கும் மையப் பதிவேட்டுக்கான முதல் முயற்சி புனேயோடு தொடர்புடையது. 2017இல் மென்பொருளை உருவாக்கி மகாராஷ்டிர வட்டத்தில் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு பிஎஸ்என்எல்லின் புனே தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தில் தொடங்கிய பதிவேடு 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் விரிந்தது. *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிட்டதோடு ஒப்பிட்டுவிட்டு, ‘கேஒய்எம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதன் நிலை தெரியும். பழைய கைப்பேசி வாங்குவோர் இதைச் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

இன்றைய நிலை

புனேக்கு 5ஜி 2022 நவம்பரில் வந்தது. 700, 3300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைகள் பயன்படுகின்றன. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 முதல் சிம் தட்டு இல்லை. ஏர்டெல், ஜியோ, வி (வோடஃபோன் ஐடியா) ஆகியவை அவற்றுக்கு இ-சிம் வழங்குகின்றன.