பக்கத்தில் நின்ற வள்ளி

மதுரைப் பக்கம் ‘பழக்கம்’ என்று ஒரு சொல் புழக்கத்தில் உண்டு. இரண்டு ஆண்களைப் பற்றி, ‘அவரும் இவரும் ரொம்ப நாள் பழக்கம்’ என்றால் அது மரியாதை. அதே சொல்லை ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் வைத்து, ‘ரெண்டு பேருக்கும் பழக்கமாம்ல...’ என்று குரலைத் தணித்துச் சொல்லிப் பாருங்கள். அர்த்தமே தலைகீழ்!

ஆண் - பெண் நட்பு தமிழுக்குப் புதுசா என்ன? அதியமானும் ஔவையும் இருக்கிறார்களே என்று சொல்லலாம். கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் அவளுக்குக் கொடுத்தான் அவன். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள் அவள். அருமையான சிநேகம். ஆனால், அவன் ராஜா, அவள் பெரும்புலவர். அவர்களைப் பார்த்து ஊர் வாய் திறக்குமா? சாதாரண ஆணும் பெண்ணும் ஊர் முன்னால் தோழமையாக நிற்க வேண்டும் என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டுமே. அப்படி ஓர் இடம் இருந்தது... ஸ்பெஷல் நாடக மேடை!

வாடிப்பட்டி என்றாலே மேளம்தான் ஞாபகம் வரும். வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர் என்று அந்த வட்டாரம் முழுக்கத் திருவிழா என்றால், மேளச் சத்தம் ஓய்ந்த பிறகு, ராத்திரி பத்து மணிக்கு மேல் ‘வள்ளி திருமணம்’ தொடங்கும். விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். எல்லோரும் மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். நடுவில் வரும் தர்க்கம் மட்டும் அன்றன்றைக்கு வாய்க்கு வந்தபடி. எதிரில் நிற்பவர் எந்தப் பக்கம் போவார் என்று தெரியாமலே பதில் சொல்ல வேண்டும். ஒருத்தரை ஒருத்தர் நம்பாமல் அந்த ராத்திரியைத் தாண்டவே முடியாது.

ஆனால், கீழே உட்கார்ந்திருந்த கூட்டம் அதை நம்பிக்கை என்று பார்க்கவில்லை. மேடை ஜோடி என்றால் வீட்டிலும் ஜோடியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது. கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்து, காதலித்து, கல்யாணமும் செய்துகொண்டார்கள். 1933-ல் கிட்டப்பா இறந்த பிறகும் அந்தக் காதல் கதை ஓயவில்லை. இன்றைக்கும் பேசுகிறோம்.

அதே காலத்தில் மதுரை வட்டாரத்தில் இன்னொரு ஜோடி மேடையில் நின்றது. அது காதல் கதை இல்லை என்பதாலோ என்னவோ, நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

விசுவநாத தாஸ், 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். திருமங்கலத்தில் வாழ்ந்தார். முருகன் வேஷம் கட்டி மேடையேறினால், புராணப் பாட்டுக்கு நடுவே வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டும் வரும். வெள்ளைக் கொக்கைப் பற்றி அவர் பாடினால், கொக்கு யார் என்று கூட்டத்துக்குப் புரியும், காவலுக்கு நின்ற போலீஸுக்கும் புரியும்! நாடகங்களை அடக்க 1876-லேயே சட்டம் போட்டிருந்தது பிரிட்டிஷ் அரசு. தாஸ் மேடையிலேயே கைதானார், சிறைக்குப் போனார்.

போலீஸைக்கூட அவர் சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாமல் போனது சாதியை. தாஸ் நாவிதர் குலத்தில் பிறந்தவர். அவரோடு ஜோடியாக நடிக்க மாட்டோம் என்று நடிகைகள் பலர் மறுத்தார்கள். யோசித்துப் பாருங்கள்... ‘வள்ளி திருமணம்’ என்ன கதை? சாமியாகிய முருகன், தினைப்புனம் காக்கும் குறவர் வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து கட்டிக்கொள்கிற கதை. சாமி சாதி பார்க்கவில்லை, சாமி வேஷம் கட்டியவரிடம் பார்த்தார்கள்!

அந்த நேரத்தில் அவருக்கு ஜோடியாக நடிக்க முன்வந்தவர் கே.பி.ஜானகியம்மாள். 1917-ல் மதுரையில் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்து, வறுமையால் நாடக கம்பெனியில் சேர்ந்த பெண். தாஸைவிட முப்பத்தொரு வயது இளையவர். நாடகக்காரி என்றாலே ஊர் ஒரு மாதிரி பார்த்த காலம் அது. அதற்கு மேல் தாஸோடு நடித்தால் சாதிப் பேச்சும் சேர்ந்துகொள்ளும், எந்த நேரமும் போலீஸ் வரலாம், நாடகம் பாதியில் நிற்கலாம். இழப்பதற்கு அந்தப் பெண்ணுக்கு நிறையவே இருந்தது. இருந்தும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

இதை நட்பு என்று சொல்லலாமா என்று கேட்கலாம். மற்றவர்கள் விலகிப் போகிற நேரத்தில் வந்து நிற்கிற ஆளை வேறு என்னவென்று சொல்வது? இரண்டு ஆண்களுக்கு நடுவில் இது நடந்திருந்தால், ‘சிநேகிதம்னா இதுதாம்ப்பா!’ என்று ஊரே மெச்சியிருக்கும்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது. முருகன் வேஷத்திலேயே போனார்.

ஜானகியம்மாள் அரிதாரத்தைத் தாண்டி அரசியலுக்கு வந்தார். காங்கிரஸ், சோஷலிஸ்ட், பிறகு கம்யூனிஸ்ட் கட்சி. யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறை சென்றார். நடித்துச் சேர்த்த நகையும் பட்டுப்புடவையும் இயக்கத்துக்காக விலைபோயின. 1967-ல் மதுரை கிழக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ. ஆனார். 1992-ல் மறைந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆணையும் பெண்ணையும் ஒரே சொல்லால் கூப்பிடுவார்கள்... ‘தோழர்’. 1930-களில் பெரியாரும், ஸ்ரீ, திருவாளர் எல்லாம் வேண்டாம், ‘தோழர்’ என்றே அழையுங்கள் என்று சொன்னார். குரலைத் தணிக்காமல் நாலு பேர் நடுவில் சத்தமாகச் சொல்லக்கூடிய சொல் அது. ‘பழக்கமாம்ல’ என்று கிசுகிசுத்த ஊரிலேயே, ‘தோழர் ஜானகி’ என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

திருமங்கலத்தில் தாஸ் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. மதுரைப் பக்கம் போனால் ஒரு நடை போய் வாருங்கள். அந்த முருகனுக்குப் பக்கத்தில் துணிந்து நின்ற வள்ளியையும் அங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.