கித்துல்கலவில் நிகழ்ந்த இரு மறைப்புகள்: கார்ல் ஃபோர்மனும் சயாம் ரயில்பாதைத் தமிழரும்

இலங்கையின் கினிகத்தேனையிலிருந்து அவிசாவளைப் பக்கம் இறங்கும் வழியில் கித்துல்கல இருக்கிறது. இயக்குநர் டேவிட் லீன் அங்கே களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தார். அவ்வாறு உருவான ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ ஏழு ஒஸ்கார் விருதுகளை வென்றது. அப்படம் தன் எழுத்தாளர்களின் பெயரை மறைத்தது பலரும் அறிந்த செய்தி. ஒரு தொழிலாளர் கூட்டத்தையே அது கதையிலிருந்து அகற்றியதும் அதற்கிணையான மறைப்பே என்பது இக்கட்டுரையின் வாதம்.

திரைக்கதையின் முதல் வடிவத்தை எழுதிய கார்ல் ஃபோர்மன் 1914இல் சிகாகோவில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் தொடர்பு குறித்த விசாரணையில் பிறர் பெயரைச் சொல்ல மறுத்ததால் ஹொலிவூட்டின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டார், 1952இல் இங்கிலாந்து சென்றார், கடவுச்சீட்டையும் இழந்தார். அவர் எழுதியதைத் திருத்திய மைக்கேல் வில்சனும் அதே பட்டியலில் இருந்தவர். ஆகவே திரைக்கதை விருது, ஆங்கிலத்தில் எழுதாத மூல நாவலாசிரியர் பியர் பூலுக்குப் போனது. ஒஸ்கார் அகாடமி 1984இல்தான் இவ்விருவரையும் ஏற்றது. அப்போது இருவருமே உயிருடன் இல்லை.

மற்ற மறைப்புக்கு அத்தகைய திருத்தம் வாய்க்கவில்லை. படத்தின் கதைக்களம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கட்டுவித்த சயாம்–பர்மா ரயில்பாதை. சுமார் 415 கிலோமீற்றர் நீளமான அப்பாதையில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் அதிகம். ஆசியத் தொழிலாளரின் இறப்போ அதைப் போலப் பல மடங்கு என மதிப்பிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். படமோ பிரித்தானியக் கேணலின் பிடிவாதத்தைச் சுற்றியே சுழல்கிறது.

புனைகதை வரலாற்றைச் சொல்லக் கடமைப்பட்டதன்று எனலாம். அது சரியே. எனினும் யாருடைய துன்பத்தை நாடகமாக்குவது என்ற தேர்வு தற்செயலானதன்று. பூல் போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டங்களில் பொறியியலாளராக இருந்தவர். அத்தோட்டங்களின் உழைப்பில் பெரும்பகுதி தமிழருடையது. படப்பிடிப்பு நடந்த காலத்தில், ஆற்றுக்கு மேலே தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். கடவுச்சீட்டை இழந்தவரின் எழுத்து, குடியுரிமை இழந்தவர்களின் அயலில் படமானது. அந்த அயல் படத்துக்குள் நுழையவில்லை.

கிரேக்கத்தில் பிறந்து பிரான்சில் வாழும் கொஸ்தா-கவ்ராஸ் இங்கு ஒப்பிடத் தக்கவர். இராணுவ ஆட்சியின்கீழ் இருந்த தாய்நாட்டின் அரசியல் கொலையை ‘இசட்’ (1969) படத்தில் சொல்ல அவர் அல்ஜீரியாவைப் படப்பிடிப்புக் களமாக்கினார். மாற்று நிலம் அங்கு உண்மையை வெளிக்கொணரும் வழியாயிற்று. கித்துல்கலவில் அது காட்டையும் ஆற்றையும் மட்டுமே தந்தது.

எனவே நாடுகடந்த வாழ்வு ஒரு கலைஞருக்குப் பிறரின் இழப்பைக் காணும் கண்ணைத் தானாகத் தந்துவிடாது. ஃபோர்மனுக்குக் கிடைத்த நீதியைக் கொண்டாடும் திரை வரலாறு, அவரது பெயரோடு சயாம் பாதையில் மாண்ட தோட்டத் தமிழரையும் பதிந்தால்தான் முழுமையாகும்.