டி பிராய் இளவரசி (ஓவியம்)

டி பிராய் இளவரசி என்பது பிரெஞ்சு ஓவியர் ழான் ஒகுஸ்த் தொமினிக் ஆங்கர் 1851 முதல் 1853 வரை வரைந்த எண்ணெய் வண்ண உருவப்படமாகும். 121.3 செ.மீ. உயரமும் 90.8 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோவியம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

படத்தில் இருப்பவர் பொலின் (1825–1860). பிரபுக் குடும்பத்தில் பிறந்த இவர் 1845-இல் ஆல்பர் டி பிராயை மணந்தார். ஆல்பர் பின்னாளில் இருமுறை பிரான்சின் தலைமை அமைச்சராக இருந்தார். எலக்ட்ரானின் அலைப்பண்பைக் கண்டறிந்து 1929-இல் நோபல் பரிசு பெற்ற லூயி டி பிராய் இத்தம்பதியரின் பேரன். இயற்பியல் பாடநூலில் அலைநீளத்தோடு வரும் பெயர் இந்தக் குடும்பத்தின் பெயர்தான்.

ஆங்கருக்கு உருவப்படம் வரைவதில் நாட்டம் குறைவு. வரலாற்றுக் காட்சிகளும் புராணக் காட்சிகளுமே ஓவியருக்குரிய உயர்ந்த பணி என்று கருதியவர் அவர். ஆல்பரின் சகோதரியான தோசோன்வில் சீமாட்டியை அவர் ஏற்கெனவே 1845-இல் வரைந்து முடித்திருந்தார். எழுபது வயதைக் கடந்த பின் அதே குடும்பத்துக்காக மீண்டும் தூரிகை எடுத்தார்.

விருப்பமில்லாமல் செய்த வேலை என்று படத்தைப் பார்த்தால் சொல்ல முடியாது. வெளிர்நீலப் பட்டு கவுனின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒளி தனித்தனியே விழுகிறது. சரிகை, முத்துக் காதணி, கைவளையங்கள், அவர் சாய்ந்து நிற்கும் பொன்னிற நாற்காலி ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. தூரிகை பட்ட தடம் எங்கும் தெரிவதில்லை. கைகளோ எலும்பே இல்லாதவை போல் வழுவழுப்பாக வளைகின்றன. உடலின் நிலையை ஆராய ஆங்கர் வேறொரு பெண்ணை நிற்கவைத்து ஆடையின்றி வரைந்த முன்வரைவும் உண்டு. உடற்கூறு அறியாதவர் அல்லர் அவர். கோட்டின் அழகுக்காக எலும்பை விட்டுக்கொடுத்தார் என்றே கொள்ள வேண்டும்.

பொலின் கூச்ச சுபாவமும் ஆழ்ந்த சமயப் பற்றும் உடையவர். கூச்சம் அந்த விலகிய பார்வையில் தெரிகிறது. ஆனால் அவர் சமய வரலாறு குறித்துக் கட்டுரைகள் எழுதியவர் என்பதற்குப் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை. புத்தகமோ பேனாவோ இல்லை. மேல் மூலையில் குடும்பச் சின்னம் மட்டும் இருக்கிறது. இந்த ஓவியத்தின் பெருங்குறை இதுவே எனலாம்.

1860-இல் காசநோயால் பொலின் இறந்தபோது வயது 35. அவருடைய கட்டுரைகளை ஆல்பர் நூலாக வெளியிட்டார். ஓவியத்தைத் திரையிட்டு மூடி வைத்தார்; 1901-இல் இறக்கும்வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1958 வரை குடும்பத்திடமே இருந்த படத்தை ராபர்ட் லேமன் வாங்கினார். அவருடைய சேகரிப்போடு 1975-இல் அது அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.