தைமசுச் சுரப்பி: ஒரு வரலாற்று நோக்கு

மார்பெலும்பின் பின்னே, இருதயத்துக்குச் சற்று மேலாக அமைந்துள்ள தைமசுச் சுரப்பியைப் பண்டைய கிரேக்க வைத்தியராகிய கலன் அறிந்திருந்தார். இளமையிற் பெரிதாயிருந்து, வயது முதிரக் கொழுப்பாகச் சுருங்கும் இவ்வுறுப்பின் தொழில் யாதென்பது நெடுங்காலம் விளங்கவில்லை.

விளங்காமை மட்டும் இருந்திருப்பின் தீங்கில்லை. 19ஆம் நூற்றாண்டில், தொட்டிலில் திடீரென இறந்த குழந்தைகளின் உடலை அறுத்து நோக்கிய ஐரோப்பிய வைத்தியர் சிலர், தைமசு பெருத்திருக்கக் கண்டு, அதுவே மூச்சை நெரித்ததெனத் துணிந்தனர். அவர்கள் ஒப்பிட்டு நோக்கியவையோ நெடுநாட் பிணியால் இறந்த ஏழைக் குழந்தைகளின் உடல்கள். பிணியும் பசியும் தைமசை வற்றச் செய்யும். வற்றியதை இயல்பென்றும் இயல்பானதை நோயென்றும் கொண்டமையே அவர்தம் பிழை. அறுவை மேசைக்குப் பெரும்பாலும் வறியவர் உடலே வந்ததால் விளைந்த பிழை அது எனலாம்.

பிழை ஏட்டளவில் நிற்கவில்லை. 1907 முதலாக, நோயற்ற குழந்தைகள் பலரின் மார்பில், தைமசைச் சுருக்கும்பொருட்டு எக்சுக்கதிர் பாய்ச்சப்பட்டது. 1950இல் டபியும் பிற்சுசெரால்டும் தைரொயிட்டுப் புற்றுநோயுற்ற சிறுவரை ஆராய்ந்தபோது, அவருள் ஒரு பகுதியினர் இச்சிகிச்சை பெற்றவர் எனக் கண்டனர்.

1961இல் இலண்டனில் சாக்கு மில்லர் என்பார், பிறந்தவுடன் தைமசு அகற்றப்பட்ட எலிக்குஞ்சுகள் நிணநீர்க்குழியங்கள் குறைந்து, தொற்றுநோய்க்கு இரையாவதையும், வேற்றினத் தோலொட்டையும் தள்ளாது ஏற்பதையும் காட்டினார். முன்னையோர் வளர்ந்த விலங்குகளில் அதனை அகற்றிப் பார்த்தே ஏமாந்தனர். அதற்குள் தைமசு தன் குழியங்களை உடலெங்கும் அனுப்பிவிட்டிருந்தது. இதன் பின்னரும், 1963இல், நோபெற் பரிசாளராகிய மெடவர் தைமசின் நிணநீர்க்குழியங்களைக் கூர்ப்பின் தற்செயலென்றே கருதினார்.

1966இல் கோல்டுசுதைனும் வைற்றும் கன்றின் தைமசிலிருந்து 'தைமோசின்' என்னும் சாற்றைப் பிரித்தனர். அதிலிருந்து 1977இல் அறியப்பட்ட தைமோசின் அல்பா 1, 28 அமினோவமிலங்களாலான பெப்தைட்டாகும். அதன் செயற்கை வடிவம் ஈரலழற்சி 'பி' நோய்க்குப் பல நாடுகளில் வழங்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்திலது. முதுமையை அது தடுக்குமெனக் கூறி விற்போர் உளர். அக்கூற்றுக்குத் தக்க சான்று இன்னும் இல்லை.

ஆயினும், முதியோர்க்குத் தைமசு வேண்டாத உறுப்பு என்னும் பழைய எண்ணமும் நிலைத்திலது. மார்பறுவையின்போது தைமசு அகற்றப்பட்ட வளர்ந்தோருள் 5 ஆண்டுகளில் 8.1 வீதத்தினரும், அகற்றப்படாதோருள் 2.8 வீதத்தினரும் இறந்தனரென 2023இல் பொசுத்தன் நகர ஆய்வாளர் அறிவித்தனர்.