நிலவரி: பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி

வேலந்தாவளத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் வில்லேஜ் ஆபீசில் கட்டும் நிலவரிக்குக் 'கரம்' என்று பெயர். எல்லை தாண்டி கோயம்புத்தூர்ப் பக்கம் போனால் அதுவே தீர்வை. அரசு உழவரிடம் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் தீர்வை நஞ்சை, புஞ்சை எனப் பிரித்து, மண்ணின் தரம் பார்த்து நிர்ணயிக்கப்பட்டது. கேரளத்தின் கரமோ பரப்பளவை மட்டும் பார்த்தது. விளையும் நிலத்துக்கும் விளையாத நிலத்துக்கும் இடையிலான வரிநியாயம் பற்றிய பெரிய வழக்கு ஒன்று, பரப்பை மட்டும் பார்த்த இந்த முறையிலிருந்துதான் கிளம்பியது.

இன்றைய எல்லைப்பகுதி முன்பு மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தது. வேலந்தாவளம் உள்ள சித்தூர் தாலுகா கொச்சி அரசைச் சேர்ந்தது; பாலக்காடும் மண்ணார்க்காடும் சென்னை மாகாணத்து மலபார்; தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். திருவிதாங்கூர் – கொச்சி அரசு 1955இல் நிலவரிச் சட்டம் இயற்றியது. கேரளம் உருவானபின், 1957இல் அது மலபாருக்கும் நீட்டிக்கப்பட்டது. வீதம் செண்டுக்கு 2 நயா பைசா. அதாவது ஏக்கருக்கு 2 ரூபாய். வயலானாலும் பாறையானாலும் காடானாலும் இதே கணக்கு.

பாலக்காட்டுப் பகுதியில் சுமார் 25,000 ஏக்கர் காட்டுக்கு உடைமையாளரான ஜன்மி குன்னத்தாட்டு தாதுண்ணி மூப்பில் நாயர் உச்ச நீதிமன்றம் சென்றார். காட்டிலிருந்து தமக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 3,100 ரூபாய் என்றார். கட்டவேண்டிய கரமோ சுமார் 50,000 ரூபாய். 1960 டிசம்பரில் தலைமை நீதிபதி பி.பி.சின்ஹா உள்ளிட்ட நால்வர் சட்டத்தை ரத்து செய்தனர். சமமில்லாதவற்றைச் சமமாக நடத்துவதும் அரசியலமைப்பின் 14ஆம் பிரிவை மீறுவதே என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ஏ.கே.சர்க்கார் மட்டும் மாறுபட்டார்.

வாதாடியவர் பெருநிலக்காரர். ஆனாலும் அவர் பெற்ற நியாயம், மழைமறைவில் கிடக்கும் கிழக்குச் சித்தூரின் மேட்டுநிலச் சிறு விவசாயிக்கும் உரியதே. இந்திய வரிச்சட்டத்துக்குக் கேரளம் தந்த மிகப்பெரிய பாடம் இதுவே எனலாம். தரைப்பரப்பை மட்டும் அளந்து விதித்த 1961ஆம் ஆண்டுக் கட்டட வரிச் சட்டமும் இதே காரணத்தால் 1968இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்தது.

இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு 1960 முதல் தனியே தோட்டவரி இருந்தது. தோட்டத்தொழில் நெருக்கடியைக் காட்டி, 2018இல் அதைக் கைவிட அரசு முடிவெடுத்தது. ரத்துக்குப் பின் புதிய சட்டத்தின் கீழ் தொடர்ந்த கரமோ ஏறியது. 2025–26 பட்ஜெட்டில் எல்லா அடுக்குகளிலும் 50 சதவீதம் கூடியது. ஓர் ஆர் நிலத்துக்கான கீழ்மட்ட வீதம் 5 ரூபாயிலிருந்து 7.50 ஆகவும், மேல்மட்ட வீதம் 30இலிருந்து 45 ஆகவும் உயர்ந்தன. இந்த அடுக்குகள் பரப்பையும், பஞ்சாயத்தா நகராட்சியா மாநகராட்சியா என்பதையும் பார்க்கின்றன, விளைச்சலைப் பார்ப்பதில்லை. ஒரே பஞ்சாயத்தில் ஒரே அளவு நிலமென்றால், போர்வெல் வற்றிய தோப்புக்கும் கால்வாய் பாயும் வயலுக்கும் இன்றும் ஒரே கரம்தான்.